உச்சாப் புரதம் எழுந்து வந்தபோது

நான் இப்படியே கிருமி, காய்ச்சல் என்று பேசிக்கொண்டு போனால் உங்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். ஒரு குட்டிக் கதை சொல்கிறேன்... கேட்கிறீர்களா?

போன வருடம் எங்கள் பள்ளி அறிவியல் விழாவில் நாடகம் போட்டோம். ரத்தத்தில் கிருமி பரவினால் உடம்பு என்ன பாடுபடும் என்பதுதான் கதை. இதயமாக நஸ்ரின். அவள் நெஞ்சில் ஒரு சிவப்பு விளக்கு. அது அணைந்தால் நோயாளி செத்தார், திரை விழும்! கிருமியாக செல்வின். கிருமியை அடிக்கும் காவல் அணுக்களின், அதாவது வெள்ளை அணுக்களின், தலைவன் இசக்கிராஜா. தலையில் போலீஸ் தொப்பி, கையில் செய்தித்தாளைச் சுருட்டிய தடி.

சிறுநீரகத்துப் புரதமாக நடிக்க...? ஒருவரும் வரவில்லை! கடைசியில் பேச்சிக்கனி கை தூக்கினாள். வசனமே கிடையாது. மேடை ஓரத்தில் சிறுநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வழியாக வரும் கிருமியைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும். அவ்வளவுதான்.

"ஏ உச்சாப் புரதம்! மூக்கைப் பொத்திக்கிட்டு உக்காரு!" என்றான் இசக்கி.

"நீங்க மொதல்ல தொப்பியை நேராப் போடுங்க, ஏட்டையா!" என்றாள் அவள்.

நாடகம் தொடங்கியது. செல்வின் சும்மா இருந்தானா? இசக்கியின் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஒத்திகையில் இது இல்லவே இல்லை! இசக்கிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"விடாதீங்கல அவனை!"

தடிகள் பறந்தன. செல்வினோ குனிந்து குனிந்து ஓடுகிறான். அடி யாருக்கு? நுரையீரலுக்கு... இரண்டு பலூனும் டமார்! கல்லீரலுக்கு... அட்டை முகமூடி இரண்டு துண்டு! கடைசியில் செல்வின் நஸ்ரினின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். அடி அவள்மேல் விழுந்தது. விளக்கு மினுக்... மினுக்...

"எல இசக்கி, நான் இதயம்ல! நான் செத்தா நீயும் காலி!"

அவன் காதில் விழுந்தால்தானே?

அப்போது குழாயோரத்திலிருந்து எழுந்தாள் பேச்சிக்கனி. நேராக வந்து இசக்கியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யாரைப் போட்டு அடிக்க? கிருமி அங்கன நிக்கான், கண்ணைத் தொறந்து பாரு!"

இசக்கி பார்த்தான். செல்வின் தொப்பியும் கையுமாக மாட்டினான். விளக்கு... அணையவில்லை!

"ஏட்டி, நாடகத்துல இல்லாததை ஏன் செஞ்ச?" என்று பிறகு அவளிடம் கேட்டேன்.

"அவ சாகப் போறா. நான் குழாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

அன்பானவர்களே, உண்மையான புரதமும் இப்படித்தான் என்று பிறகு படித்தேன். அதன் பெயர் யூரோமோடுலின். சிறுநீரகம் அதைச் செய்து பெரும்பகுதியைச் சிறுநீருக்கு அனுப்புகிறது. கொஞ்சம் ரத்தத்துக்கும் வருகிறது. அங்கே வெறிபிடித்த காவலைத் தணிக்கிறது. கிருமியை விழுங்கவும் கைகொடுக்கிறது. அது இல்லாத எலிகள், ரத்தத்தில் கிருமி பரவியபோது அதிகமாக இறந்தனவாம்.

கிருமி மட்டுமா நம்மைச் சாய்க்கிறது? நம் காவலின் கண்மூடித்தனமான கோபமும்தான்! ஆகவே காய்ச்சலோடு சிறுநீர் குறைந்தால், பேச்சு குழறினால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னொன்று. தடியெடுக்க நம்மில் எத்தனையோ பேர் வருவோம்... மணிக்கட்டைப் பிடிக்க யார் வருவார்? நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரத்தில் உட்கார வைத்தோமே, அவர்தான் வருவார். இனி யாரையாவது பார்த்து மூக்கைப் பொத்தக் கை எழுந்தால்... அந்தக் கையை நெஞ்சில் வைத்துப் பாருங்கள்.

விளக்கு எரிகிறது இல்லையா?