பின்பக்கம் தாழ்ந்த கார்

எனது பெயர் சந்திரகலா, வயது 27, கணவர் பெயர் ராஜவேல். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கணவருடன் வசித்து வருகிறேன். எனக்கு இது ஒன்பதாம் மாதம். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி, என்னை விசாரித்த உதவி ஆய்வாளரிடம் நான் சொல்வது பின்வருமாறு.

என் கணவர் சென்ற ஆண்டு பழைய கார் ஒன்று வாங்கினார். பின்பக்கம் தாழ்ந்திருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று, பின்சக்கர ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஸ்பிரிங் போட்டார். அதன் பிறகு பின்சீட்டில் ஆள் நிறைந்தால் டயர் மேலே மட்காடில் உரசியது. டயர்கள் சீக்கிரமே தேய்ந்து, வேறு டயர் மாற்றினார். ஸ்பிரிங்கை மாற்றவில்லை. வேகத்தடை வந்தால் பின்சீட்டில் இருப்பவர்கள் இறங்கி நடந்து, தாண்டியதும் ஏறிக்கொள்வோம். தெருவில் பார்த்துச் சிரிப்பார்கள். எங்களுக்கு அது பழகிவிட்டது.

கடந்த ஞாயிறு எனக்கு வளைகாப்பு நடந்தது. அதன் பிறகு பூரணாங்குப்பத்தில் உள்ள தாய் வீட்டுக்கு என்னை அழைத்துப்போக, என் அண்ணன் அருள்முருகன் அந்தக் காரை ஓட்டினார். பின்சீட்டில் வலது ஓரம் என் தாயார் ஜெயம், நடுவில் நான், இடது ஓரம் சித்தி பாக்கியலட்சுமி இருந்தோம். டிக்கி நிறைய சீர்ப் பாத்திரங்கள். அரியாங்குப்பம் தாண்டி முதல் வேகத்தடையில் சித்தி கதவைத் திறக்க, நான் வழக்கம்போல் இறங்கப் போனேன். என் தாயார் கையைப் பிடித்து, "வளைகாப்பு முடிச்சு அழைச்சிட்டுப் போற பொண்ணு வழியில கால் வைக்கக் கூடாது, உக்காரு" என்றார். என்னைத் தனியே விட்டு அவர்களும் இறங்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வேகத்தடையிலும் அடியில் இடித்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தும் அண்ணன் வேகம் கூட்டவில்லை. தவளக்குப்பத்துக்கு முன்பு ரப்பர் கருகும் வாடை வந்தது. "டயர் உரசுது, ஓரங்கட்டுறேன்" என்றார் அண்ணன். அதற்குள் பின் வலது டயர் வெடித்து, வண்டி வலப்பக்கம் இழுத்து, எதிரே வந்த லாரி என் தாயார் இருந்த பக்கம் மோதியது.

அப்போது அவர் கை என் வயிற்றின் மேல் இருந்தது. மருத்துவமனைக்கு வருமுன் இறந்துவிட்டார். சித்திக்கும் அண்ணனுக்கும் சிறு காயம்தான். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். என் வலது கை முறிந்து வீங்கியதால், அன்று காலையில் அம்மா போட்டுவிட்ட வளையல்களை நர்ஸ் உடைத்து எடுத்தார்.

அண்ணன் அதிவேகமாக ஓட்டியதால் மரணம் நேர்ந்ததாக வழக்கு என்று அறிந்தேன். அம்மாவுக்குக் கொள்ளி வைத்த கையோடு அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். நேற்று என் கணவர் வந்து, "உங்கண்ணன் வேகமா ஓட்டுனாருன்னு சொல்லிடு. ஸ்பிரிங் விஷயம் தெரிஞ்சா இன்சூரன்ஸும் வராது, கேஸும் எம்மேல திரும்பும். பொறக்கப் போற புள்ளைய நெனச்சுக்கோ" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் உண்டு. ஆனால் கோபத்தில் இதைச் சொல்லவில்லை. பிள்ளையை நினைத்துத்தான் சொல்கிறேன். அண்ணன் வேகமாக ஓட்டவில்லை.

கழற்றிய பழைய ஸ்பிரிங் இரண்டும் எங்கள் வீட்டுப் பரணில் கோணியில் சுற்றி இருக்கின்றன. காரை விற்கும்போது திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்று வைத்தார். பக்கத்திலேயே, என்னைப் போட்டு ஆட்டிய தொட்டில் கம்பு இருக்கும், கல்யாணத்தின்போது அம்மா கொடுத்தது. ஸ்பிரிங்கை எடுக்கப் போகிறவர்கள் அதையும் எடுத்து என் அண்ணன் வீட்டில் சேர்த்துவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை. வலது கையில் கட்டு இருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(சந்திரகலா, இடது பெருவிரல் ரேகை)