காயாத மேஜை

ஸ்டேஷன் டீ நல்லா இருக்கு ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், ஆனா இன்னைக்கு எனக்கு எல்லாமே இனிக்குது.

என்னை அவசரக்காரன்னு மட்டும் எழுதிடாதீங்க. வார்னிஷ் அடிக்கிறவனுக்கு அவசரம் ஆகவே ஆகாது. தேய்க்கணும், துடைக்கணும், ஒரு பூச்சு அடிச்சிட்டு அது காயுற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்காரணும். என் பொறுமைக்குத் தெருவே சாட்சி.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கச்சி புருஷன், தங்கமான மனுஷன். ஒரே ஒரு வியாதி. பளபளன்னு எதைப் பார்த்தாலும் "காஞ்சிடுச்சா மச்சான்?"னு விரலை வெச்சிடுவார். கட்டில்ல வெச்சார், பீரோவுல வெச்சார், டாக்டரம்மா வீட்டு நாற்காலியையும் விடலை. ஒவ்வொரு தடவையும் சுரண்டிட்டு முதல்லேருந்து அடிச்சேன். எத்தனையோ சொல்லிப் பார்த்தேன், செவிடன் காதுல ஊதின சங்குதான்.

இந்த மேஜை வேற மாதிரி ஐயா. கடைசிப் பூச்சு அடிச்சிட்டுக் குனிஞ்சு பார்த்தா என் மீசையில இருக்கிற நரைமுடிகூட அதுல தெரியுது. சந்தோஷத்துல எனக்குத் தலைகால் புரியலை. தூசி விழக் கூடாதுன்னு பட்டறை ரூம் ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி அடைச்சிருந்தேன். முகமூடியைக் கழட்டிட்டு வெளியே கை கழுவிக்கிட்டு இருந்தப்போ மாப்பிள்ளை பூனை மாதிரி உள்ளே நுழைஞ்சிட்டார்.

நான் வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். "தொடாம இருந்து பழகுங்க மாப்பிள்ளை, காஞ்சதும் திறக்கறேன்"னேன். உள்ளே வார்னிஷ்ல கலக்குற தின்னர் டின் மூடாமத்தான் இருந்துச்சு. அந்த வாடை மனுஷனை என்ன செய்யும்னு எனக்குத் தெரியும், தெரியாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். முதல்ல சிரிப்புதான் வரும்.

வந்துச்சு. "மச்சான், மேஜை ரெண்டாத் தெரியுது, எதைத் தொடட்டும்?"னார். நானும் வெளியே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அப்படி நாங்க சேர்ந்து சிரிச்சு ரொம்ப நாளாச்சு. அப்புறம் கதவைத் தட்ட ஆரம்பிச்சார். திறந்தா காத்தோட தூசி வந்து ஈரத்துல ஒட்டிக்கும், நீங்களே சொல்லுங்க.

தங்கச்சி சாப்பிடக் கூப்பிட வந்தா. "அண்ணே, அவரைப் பார்த்தீங்களா?"

"கடைக்குப் போயிருக்கார்மா, நீ சாப்பிடு"ன்னேன். அதுக்குள்ள தட்டுற சத்தம் நின்னு போயிருந்துச்சு.

நல்லாக் காஞ்சப்புறம்தான் திறந்தேன். மாப்பிள்ளை கதவோரமா கிடந்தார், உயிர் இல்லை. மேஜை மேல ஒரு விரல் தடம் இல்லை ஐயா. முதல் தடவையா என் பேச்சைக் கேட்டிருக்கார். தங்கச்சி என் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேங்கறா, மேஜையைப் பார்த்தா புரிஞ்சுக்குவா.

கதவோட உள்பக்கம்தான் பூரா நகக்கீறல். பரவாயில்லை, அதுக்கு நான் இன்னும் வார்னிஷ் அடிக்கலை.