நாப்பத்தி மூணு இன்ச்

...ஹார்மோனாம்மா, ஹார்மோன்! கேட்டீங்களா கூத்த? முப்பது வருஷமா டேப்பப் புடிச்சு எத்தன பேரு இடுப்பப் பாத்தவன் நானு. எனக்கு ஒரு டாக்டரம்மா வயித்தப் பத்திப் பாடம் நடத்துது!

உக்காருங்க. பேண்ட்டு இடுப்புல புடிக்குது, அவ்வளவுதான? பிரிச்சு விட்டுடலாம், அஞ்சு நிமிஷ வேல. என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், எம் பொண்டாட்டி.

மாசாமாசம் வர்றது நின்னு மூணு வருஷமாச்சு. அதுலேர்ந்து வயிறு முன்னால வருது, ஆளு பின்னால வர்றா. "எனக்குத் தெரியாமத் திங்கிற"ன்னேன். தப்பா? பிஸ்கட் டப்பாவ பீரோவுல வெச்சுப் பூட்டினேன். சாவி எங்கிட்ட, பிஸ்கட் அப்படியே இருக்கு, வயிறு மட்டும் ஏறுது! என்ன மாயம் பாருங்க.

டாக்டரம்மா சொல்லுது, "ஐயா, அவங்க திருடித் திங்கல. ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன் சுரக்கற வரைக்கும் கொழுப்பு தொடையிலயும் பின்பக்கத்துலயும் தங்கும். அது குறைஞ்சதும் வயித்துல சேரும்." ஆஹா! கொழுப்பு கீழ் வீட்டக் காலி பண்ணிட்டு மாடிக்குக் குடி வந்துடுச்சாம்! நடக்கணுமாம், கொஞ்சம் கனம் தூக்கணுமாம், சர்க்கர, பிரஷர் பாத்துக்கணுமாம். அப்புறம், "நீங்க குத்திக்காட்டாம இருங்க." நோவு அவளுக்கு, பத்தியம் எனக்கு!

பொய்யின்னு காட்டலாம்னு அளவு நோட்டப் பொரட்டினேன். இருபது வருஷ நோட்டு. அம்பது தாண்டின பொம்பளைங்க அளவப் பாத்தா... பின்பக்கம் அப்படியே இருக்கு, இடுப்பு மூணு, நாலு இன்ச்சுன்னு ஏறுது. முக்காவாசிப் பேருக்கு! ஊரே பிஸ்கட் திருடுதா என்ன? ...அத அவகிட்ட நான் சொல்லல. ஏன் சொல்லணும்?

அப்புறம் ஒருநாள், கவுன் தச்சுக் குடுங்கன்னு கடைக்கே வந்தா. கட நெறைய ஆளு. எங்க வழக்கம், நான் அளவச் சொல்லிக் கத்துவேன், உள்ள மிஷின்ல இருக்கற மருமக எழுதிக்குவா. "இடுப்பு நாப்பத்தி மூணு!"ன்னேன். அவ்வளவுதாம்மா... சரி, "டேப்பு பத்தாது, ஒட்டுப் போடணும்"னும் சொன்னேன். நாலு பேரு சிரிச்சாங்க. தொழில்ல ஒரு சிரிப்பு கூடாதா?

எங்கையிலேர்ந்து டேப்ப உருவிக்கிட்டுப் போனா, நேரா எதிர்க்கடைக்கு! அந்தக் கோணக்கத்திரி டெய்லர்கிட்ட! இப்ப அங்க பொம்பளைங்களுக்கு அளவெடுக்கறது அவதான். திரைக்குப் பின்னால, வாயத் தொறக்காம, தானே எழுதிக்கிறாளாம். பெரிய ரகசியம்! வீட்டுக்கு வர்றா, போறா. எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல. பதினோரு மாசம். நானும் பேசல, எனக்கென்ன? கவுன வெட்டித்தான் வெச்சிருக்கேன். சரியா நாப்பத்தி மூணுக்கு. வந்து கேட்டாத்தான தைக்கறது?

சரி, கையத் தூக்குங்க. புது டேப்புதான், பயப்படாதீங்க. ஏ மருமகளே, எழுதிக்கோ! இடுப்பு நாப்பத்... அம்மா? என்னம்மா, பேண்ட்டச் சுருட்டிக்கிட்டு... குடைய விட்டுட்டுப் போறீங்க! அம்மா, அது எதிர்க்கட!

பாத்தியா மருமகளே? உங்க அத்த கதவத் தொறந்து விடுறா. சிரிக்கிறா பாரு... அவ சிரிச்சுப் பாத்து எத்தன நாளாச்சு.

அந்தக் கவுன் துணிய எடு. மேல ஒரு சீட்டு குத்தியிருக்கும் பாரு, அவ அளவு. சரியா இருக்கான்னு பாத்துட்டுக் குடு, தச்சிடறேன்.

...ஏய், சத்தமாப் படிக்காத.