இடது காதின் அச்சு

இருந்தவர்கள்: இரண்டு மாத ஓய்வுக்குப் பின் இன்னும் சற்று நேரத்தில் மேடை ஏற வேண்டிய பாடகி. அவளுடைய கொழுந்தன், அந்த ஓய்வுக்கு முன்பு வரை அவளுக்கு சவுண்டு பார்த்தவன், அவளே நிறுத்தி, இன்று அவளே கூப்பிட்டனுப்பியவன். அவன் இடத்துக்கு வந்த புது ஆள், அவ்வப்போது.

பாடகி: போறப்ப மிக்சர்ல என்னடா கை வச்சுட்டுப் போனே?

கொழுந்தன்: சௌக்கியமா அண்ணி?

பாடகி: நக்கலடிக்காதே. என் இயர்போன்ல பேஸே இல்ல. இடது பக்கம் தகர டப்பா மாதிரி...

கொழுந்தன்: ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்...

பாடகி: என்னைவிட சுருதி சுத்தமா ஒருத்தியக் காட்டு. மைக்கை அவகிட்டயே குடுத்துட்டுப் போறேன்.

கொழுந்தன்: சுருதிய யாரு குத்தம் சொன்னா? இயர்போனை மாட்டுங்க. டிரம்ஸ் வருதுல்ல? இடது பக்கத்த விரலால உள்ள அமுக்குங்க... இன்னும்...

பாடகி: ...வந்துடுச்சு!

கொழுந்தன்: விரல எடுங்க.

பாடகி: போச்சு.

கொழுந்தன்: மிக்சர்ல ஒண்ணுமில்ல. இயர்போன் காதோட ஒட்டல. இடுக்கு விட்டா முதல்ல ஓடிப்போறது பேஸ்தான். இது உங்க காதுல அச்சு எடுத்துச் செஞ்சது அண்ணி. கழட்டறதுக்கே பல்லைக் கடிப்பீங்க. இப்ப லொடலொடங்குது.

பாடகி: இளைச்சுட்டேன்.

கொழுந்தன்: காதுலயா? என் காதுல பூ சுத்தாதீங்க.

பாடகி: ...ஆபரேஷன்டா. உள்ள எலும்பு வளந்து துவாரத்த அடைச்சு, காது மந்தமாயிடுச்சு. இழைச்சு அகலமாக்கிட்டாங்க.

கொழுந்தன்: அக்கா வீட்டுக்குப் போறேன்னு கிளம்பினது...

பாடகி: அதேதான். உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா "பாடினது போதும், வீட்ல இரு"ம்பார்.

கொழுந்தன்: இப்ப உங்க குரல் எப்படிக் கேக்குது?

பாடகி: முதல்ல வேற எவளோ பாடற மாதிரி இருந்துச்சு. பழகிட்டேன். அவளும் நல்லாத்தான் பாடறா.

கொழுந்தன்: வாய்க்கொழுப்பு மட்டும் இழைக்காம விட்டுட்டாங்க. இந்தாங்க, இடது பக்கம் இதை மாட்டுங்க. ஸ்பாஞ்ச் வச்சது. எந்த ஓட்டையா இருந்தாலும் தானா விரிஞ்சு அடைச்சுக்கும். அடுத்த வாரம் புது அச்சு எடுத்துக்கலாம்.

பாடகி: ஆகா... இப்பத்தான்டா பாட்டு. ஆமா, இதை எப்படிக் கையோட கொண்டாந்தே?

புது ஆள்: மேடம், இடது பக்கம் பேஸ் கொஞ்சம் ஏத்தட்டுமா?

பாடகி: வேண்டாம். நீங்க சபைக்குக் கேக்கறதப் பாத்துக்கங்க. என் காதை இவன் பாத்துக்குவான். கதவைச் சாத்திட்டுப் போங்க... தம்பி, பூட்டு.

கொழுந்தன்: பூட்டிட்டேன். இப்பவாவது சொல்லுங்க, என்னை ஏன் நிறுத்தினீங்க?

பாடகி: வாரக்கணக்கா இடது பக்கத்த மட்டும் நீ திருட்டுத்தனமா ஏத்திக்கிட்டே வந்தே. பாத்துட்டேன். என் காது மந்தத்த நீ கண்டுபிடிச்சிட்டியேன்னு தெரிஞ்சுது. உங்கண்ணன்கிட்ட நீ உளறிடுவியோன்னு பயம்.

கொழுந்தன்: உளற என்ன இருக்கு அண்ணி? தலகாணில உங்க காதுப் பஞ்சைப் பாத்துட்டு, இடது பக்கத்த ஏத்தச் சொன்னதே அண்ணன்தான்.