பலகை வீடு

களிமண் நிலத்தில் செடி வைப்பவர்கள் செய்கிற முதல் தவறு, பாசத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றிவிடுவது. இலை வாடினால் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். கீழே வேர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.

எங்கள் குடியிருப்பில் பதினான்கு வீடுகள், சரிவில் வரிசையாக. எல்லா வீட்டு மழைநீரும் பின்பக்கம் ஒரே வாய்க்காலில் இறங்குகிறது. என் வீடு பதின்மூன்றாவது. என் தோட்டத்து ஓரம் வாய்க்கால் சுவரில் ஒரு பலகை செருகியிருக்கும். வாய்க்கால் நிறைந்தால் அதைத் தூக்க வேண்டும். தண்ணீர் என் தோட்டத்தில் பாய்ந்து மூலைக் கிணற்றில் இறங்கிவிடும். தூக்காவிட்டால் அத்தனையும் கடைசி வீட்டுக்குள் போகும். அதற்கு ஈடாகத்தான் எனக்கு மற்றவர்களைவிடப் பெரிய தோட்டம். மழைக்காலத்தில் நான் வெளியே போவதென்றால் கடைசி வீட்டில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம்.

அந்த வீட்டு அக்கா வாய்த்துடுக்கானவள். மேகம் திரண்டால் சுவருக்கு மேலே தலை நீட்டுவாள்.

"ஏண்டி பலகைக்காரி, வானம் கருக்குது. சாப்பிட்ட மயக்கத்துல தூங்கிடாத. எங்க வீட்டு மகாராஜா படுத்த படுக்கையா கப்பல் விட்டுடுவாரு."

மகாராஜா என்றால் அவள் கணவர். நான் மாமா என்பேன். பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஏதாவது வேண்டுமென்றால் டம்ளரால் சுவரில் மூன்று முறை தட்டுவார். இரண்டு முறை கட்டிலிலிருந்து விழுந்ததால் மெத்தையைத் தரையில் போட்டுவிட்டார்கள். கட்டிலை மாடிக்கு ஏற்றியபோது மறுமுனையைப் பிடித்தவள் நான்தான்.

என் மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டு வயது. ஒரு கோடையில் வீட்டிலிருந்த விதைப் பொட்டலங்களையெல்லாம் ஒன்றாகக் கலந்து, பலகைக்கு நேர் எதிரே இரண்டு முழ இடத்தில் விதைத்தாள். "என்ன வரும்னு எனக்கே தெரியாதும்மா. நீ தோண்டிப் பாக்கக் கூடாது" என்றாள். ஒன்பதாம் நாள் காய்ச்சல். பதினாறாம் நாள் அவள் இல்லை.

எதுவும் முளைக்கவில்லை. "விதை செத்துப்போச்சும்மா, மண்ணைக் கிளறி வேற ஏதாவது போடு" என்றார் என் கணவர். பிறகு வேலையை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டார். நான் தினமும் காலையில் உள்ளங்கையை அந்த மண்ணில் வைத்து ஈரம் பார்த்துத் தெளித்து வந்தேன். அந்த வருடம் மழை பொய்த்தது. அடுத்த வருடமும் தூறலோடு போயிற்று. பலகையைத் தூக்க வேண்டி வரவில்லை.

மூன்றாம் வருட மழைக்காலத்தில் ஒரு மதியம் அக்கா மருந்து வாங்கக் கிளம்பினாள். "அரை மணில வந்துடுறேன். மழை வந்தா பலகையைத் தூக்கிட்டு, மாமாவை ஒரு எட்டு பாத்துக்கடி" என்றாள். சரிக்கா என்றேன்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் கொட்டத் தொடங்கியது. பெரிய தெருவில் இடுப்பளவு தண்ணீர், அவளால் திரும்ப முடியவில்லை. வாய்க்கால் விளிம்பு வரை வந்தது. நான் பலகையின் கைப்பிடியைப் பிடித்தேன். தூக்கினால் அந்த வேகத்தில் ஒரு பிடி மண் மிஞ்சாது என்று தெரிந்தது. கையை எடுத்தேன். உள்ளே போய்த் தார்ப்பாய் எடுத்துவந்து அந்த இரண்டு முழ இடத்தை மூடி, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தேன்.

டம்ளர் சத்தம் கேட்டது. முதலில் வழக்கம்போல மூன்று மூன்றாக. பிறகு கணக்கில்லாமல். அவர் கனத்த உடம்புக்காரர், நான் ஒருத்தி போய் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன். மேல் வீடுகளில் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் முதலில் பலகையைத்தான் தூக்கியிருப்பார்கள்.

சத்தம் நின்றபோது அக்கா வந்துவிட்டாள் என்று நினைத்தேன். இல்லை, அது சரியில்லை. அவள் என் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். நான் நின்ற இடத்திலிருந்து வாசல் தெரியும்.

மழை விட்ட பிறகு பலகையின் இரண்டு பக்கமும் மரச் சில்லுகளை வைத்து அடித்து இறுக்கினேன். ஊறி இறுகிக்கொண்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். குடியிருப்புத் தோட்டக்காரர் இழுத்துப் பார்த்துவிட்டு, "மரம் ஊறிடுச்சுன்னா மலை அசைஞ்சாலும் இது அசையாதும்மா" என்றார். அக்கா என் தோளில் முகம் புதைத்து, "நீ என்னடி பண்ணுவ" என்று அழுதாள். இப்போது அவள் சமைப்பதில்லை. என் வீட்டில்தான் சாப்பிடுகிறாள். சாதத்தைப் பிசைந்து கொடுத்தால் இரண்டு வாய் கூடுதலாக இறங்குகிறது.

ஐந்து மாதம் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவளைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.

இன்று இந்தக் காவல் நிலையத்துக்கு வந்ததற்குக் காரணம், குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் எடுத்த முடிவு. பலகையை நம்ப முடியாதாம். அதை எடுத்துவிட்டு, என் தோட்டத்தைக் கிணறு வரை ஆழமாகத் தோண்டிப் பெரிய குழாய் புதைக்கப் போகிறார்கள். திங்கட்கிழமை ஆட்கள் வருகிறார்கள்.

அது தேவையில்லை. பலகையில் எந்தக் குறையும் இல்லை. மாதாமாதம் நான்தான் எண்ணெய் போட்டு வந்தேன், சில்லுகளை உருவிவிட்டால் ஒரு கையால் தூக்கிவிடலாம். நான் தூக்கவில்லை, அவ்வளவுதான். இதை அப்படியே எழுதிச் சங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். எனக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வருபவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: உண்மையிலேயே அவசரம் என்றால் மட்டும் பலகையைத் தூக்கட்டும்.