பேர் எழுதாத கோப்பு

– பேரு எங்கே, வக்கீலம்மா? கோப்பு திறந்திருக்கே, நம்பர் போட்டிருக்கே, கட்சிக்காரர் பேருன்ற இடத்துல ஒரு கோடு இழுத்து வச்சிருக்கே. கோடா வந்து உன்கிட்ட அழுதுச்சு?

– அழுதது ஒரு அம்மாதான் அண்ணே. பேரைத்தான் இப்ப சொல்ல முடியல.

– இந்த ஆபீஸ்ல எனக்கு என்ன வேலை? சொல்லு பாப்போம்.

– புதுசா வர்ற ஒவ்வொருத்தர் பேரையும் பாத்து, ஒரே வழக்குல ரெண்டு பக்கமும் நாமளே நிக்கிற மாதிரி ஆயிடுமா, இங்க வேலை பாக்கறவங்க யாருக்காவது அதுல சம்பந்தம் இருக்கான்னு சரிபாக்கறது.

– பேரே இல்லாம எதைச் சரிபாக்கறது, காத்தையா?

– இருங்கண்ணே, இருங்க. எனக்கே குழம்புது. நீங்க எழுதின விதியில ஒண்ணு, எல்லாப் பேரையும் உங்ககிட்ட சொல்லுங்குது. இன்னொண்ணு, கட்சிக்காரர் சொல்ல வேண்டாம்னதை யார்கிட்டயும் வாயைத் திறக்காதேங்குது. நான் எதைக் கேக்கறது?

– ரெண்டையும் கேளு.

– ரெண்டையும் எப்படிண்ணே கேக்கறது?

– அதுக்குத்தானே முதல் விதி! வந்து உக்காந்ததும் பேரைக் கேளு, எதிராளி பேரைக் கேளு, கதையை அப்புறம் கேளு. இதை உங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு.

– அழுதுகிட்டே வந்து நாற்காலி நுனியில உக்காந்தாங்க. தண்ணி குடுத்தேன். டம்ளரைக் கீழ வைக்கறதுக்குள்ள மொத்தத்தையும் கொட்டிட்டாங்க. பேரு கடைசியிலதான் வந்துது. அதைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

– ஏன்? பெரிய இடமோ?

– அதைச் சொன்னா பேரைச் சொன்ன மாதிரிதான்.

– கேட்டுக்கோ தங்கச்சி. சீனியர் வந்ததும் இந்தக் கோப்பைக் கேப்பாரு. வீடு விக்கறவனுக்கும் வாங்கறவனுக்கும் நம்ம ஆளு ஒருத்தனே பத்திரம் எழுதிக் குடுத்து, விசாரணைன்னு நம்ம எல்லாரையும் வரிசையா நிக்க வச்சது மறந்து போச்சா? அவன் வேலை போச்சு. உன் வேலையும் போகணுமா?

– கொஞ்ச நேரம் குடுங்கண்ணே. அந்தம்மா இன்னிக்கு வீட்டை விட்டுக் கிளம்புறாங்க. அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்கு மெசேஜ் போடுவாங்க. அதுக்கு முன்னாடி பேரு வெளிய வந்துட்டா, வழியிலயே மறிச்சுக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு பயப்படறாங்க.

– புருஷனா? அடிக்கறானா?

– இல்ல.

– குடியா? வேற சகவாசமா?

– அதெல்லாம் ஒண்ணும் இல்ல.

– அப்புறம் என்னதான் குறை அந்தம்மாவுக்கு?

– கேள்விண்ணே.

– என்னது?

– பொழுதுக்கும் கேள்வி. இதைக்கூட நான் சொல்லியிருக்கக் கூடாது. காதுல விழாத மாதிரி இருங்க.

– விழுந்தாச்சே. யாரு வந்தா, ஏன் கதவைத் திறந்தே, கடைக்குப் போய்ட்டு வர இவ்வளவு நேரமான்னு நோண்டற ஆளு. அப்படித்தானே? சே, என்ன மனுஷன்! நாமளும்தான் வீட்டுல கேக்கறோம். நாம கேக்கறது அக்கறை. அவன் கேக்கறது சந்தேகம்.

– ரெண்டுக்கும் வித்தியாசம் எப்படிண்ணே தெரியும்?

– கேக்கறவனுக்குத் தெரியாதா?

– பதில் சொல்றவங்களுக்கு?

– என்னையும் ஏன் குழப்பறே? இரு, வீட்டுக்கு ஒரு போன் போட்டுக்கறேன்... எடுக்க மாட்டேங்கறா. இன்னிக்கு என்னமோ எடுக்கவே மாட்டேங்கறா. சரி, நீ சொல்லு. ஊருல இத்தனை வக்கீல் ஆபீஸ் இருக்க, அந்தம்மா இங்க ஏன் வந்துது?

– நானும் அதைத்தான் கேட்டேன். இங்க சொன்னது சுவரைத் தாண்டாதுன்னு ஒருத்தர் அடிக்கடி பெருமையா சொல்லிக் கேட்டிருக்காங்களாம். அந்த ஒரு வார்த்தையை நம்பி வந்தேன்னாங்க.

– பாத்தியா! வெளியில நம்ம பேரு எப்படி இருக்கு பாத்தியா! யாரு சொன்னாலும் அவர் வாய்க்குச் சக்கரைதான் போடணும். சரி, பேரு வேண்டாம். ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு. புருஷன் நம்ம கட்சிக்காரனா?

– இல்ல.

– இந்த ஆபீஸ்ல யாருக்காவது சொந்தமா? ஏன் மென்னு முழுங்கறே? அப்போ உண்டு! யாரு, டைப்பிஸ்டா? அவனுக்குக் கல்யாணமே ஆகல. சீனியர் வீட்டு அம்மா வெளிநாட்டுல மகள்கிட்ட இருக்காங்க. கணக்கு பாக்கறவரு? அவர் வீட்டுல கேள்வியெல்லாம் அவர் பொண்டாட்டிதான் கேக்கும், அவருக்குப் பதில் சொல்லத்தான் நேரம் சரியா இருக்கும்.

– வேண்டாம்ணே. ஒவ்வொருத்தரா எடுக்காதீங்க.

– டிரைவர் சம்சாரத்தை இழந்தவரு. நீ பொம்பளை. அவ்வளவுதானே ஆளுங்க? முடிஞ்சு போச்சே! வேற யாருமே இல்லையே இங்க! நீ என்னமோ விளையாடறே.

– விளையாடலண்ணே. நேத்து நீங்க கோர்ட்டுக்குப் போயிருந்தப்போ வந்துட்டுப் போனாங்க.

– ஒரே தலைவலியா இருக்கு. உன் போன் மின்னுது பாரு.

– வந்துடுச்சு... போய்ச் சேர்ந்துட்டாங்க. அக்கா வீட்டுக்குள்ள உக்காந்திருக்காங்களாம்.

– அப்பாடா. யார் பெத்த பொண்ணோ, நல்லா இருக்கட்டும். இப்பவாவது பேரைச் சொல்லலாமா?

– இனிமே சொல்லிடும்மான்னு எழுதியிருக்காங்க. எனக்குத்தான் வாய் வரல.

– முறைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? நமக்கு வாய் வராதப்போ அது பேசும். ஆபீஸ் ஆளோட சொந்த வழக்கு ஆபீஸுக்கே வந்தா என்ன பண்ணணும்? அந்த ஆள் கோப்பு அறைக்குள்ள போகக் கூடாது. கம்ப்யூட்டர்ல அவருக்கு அந்தப் பக்கம் திறக்கக் கூடாது. யாரும் அவர்கிட்ட மூச்சு விடக் கூடாது. முதல்ல அறைச் சாவியை வாங்கிடணும். ஆள் யாரா இருந்தாலும் சரி, தயவு தாட்சண்யம் கிடையாது, நானே வாங்கித் தர்றேன். யார்கிட்ட வாங்கணும், அதை மட்டும் சொல்லு.

– உங்க சாவியைக் குடுங்கண்ணே.