கடைசியாக வாய் திறக்கும் தலைவிக்கு

திராட்சைத் தேறலின் திறமறிந்தவரே! தேறலைவிடத் தேர்ந்த மனிதர்களைத் தேடித் திரட்டியவரே! திசைக்கொருவராய்க் கணினித் திரைகளுக்குப் பின்னே அமர்ந்திருந்த எங்களை ஒன்பதாண்டுக் காலம் ஒரு குடும்பமாய்க் காத்தவரே! "மைக்கைப் போடுங்க சார்" என்று ஓராயிரம் முறை சொல்லியும் ஒருமுறைகூடக் குரலுயர்த்தாத உத்தமியே! தங்கள் சுவைக்குழுவினர் எழுவரின் நெஞ்சார்ந்த வணக்கம்.

தங்கள் பணி ஓய்வு விழாவுக்காக இந்தக் கூட்ட அறையில் நாங்கள் எல்லோரும் ஒருசேர நிற்பது இதுவே முதல் முறை. இத்தனை ஆண்டுகளும் ஒருவரையொருவர் கழுத்துவரைதான் கண்டிருக்கிறோம். புட்டிச் சீட்டுகளுக்கு வாசகம் எழுதும் அம்மையார் இவ்வளவு உயரம் என்பதும், பிழைதிருத்துபவர் சட்டைக்குப் பொருந்தாத கால்சட்டை அணிபவர் என்பதும் இன்றுதான் தெரிந்தன. அவர் நேர்முகத் தேர்வுக்கும் அதைத்தான் அணிந்திருந்தாராம். திரைக்குக் கீழே இருந்ததால் பிழைத்தார்.

உழைப்பால் உயர்ந்த உயர்வே!

முப்பத்தோராண்டுகளுக்கு முன் இந்நிறுவனத்தின் கிடங்கில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் பணியில் சேர்ந்தீர்கள். ஒட்டிய புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறியும் ஆவலே தங்களை ஒயின் தேர்வுத் துறையின் தலைமைக்கு ஏற்றியது. கடல் கடந்து வரும் சரக்கை முகர்ந்து, சுவைத்து, விற்கத் தக்கதா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை. ஒன்பதாண்டுகளுக்கு முன் அந்த வேலை அலுவலகத்தை விட்டு வீடுகளுக்குக் குடிபெயர்ந்து, அதற்கென எங்களைத் தாங்கள் புதிதாய்ச் சேர்த்தபோது, "எட்டு வீட்டுல எட்டு நாக்கு, இது உருப்படுமா?" என்று சிரித்தவர்கள் உண்டு. வெள்ளிதோறும் பதினொரு மணிக்கு, ஒரே சரக்கின் சிறு புட்டிகளை எட்டு வீடுகளிலும் ஒரே நேரத்தில் திறக்கவைத்து, அவர்கள் சிரிப்பை அடக்கினீர்கள்.

குடிப்பவர் வேறு, ரசிப்பவர் வேறு என்று எங்களுக்குக் கற்பித்ததும் தாங்களே. முதலில் மூக்கு, பிறகு பொறுமை, கடைசியில்தான் நாக்கு என்பீர்கள். கண்ணாடிக் கோப்பை உடைந்த நாளில் மருந்துக் குவளையில் ஊற்றிக் கொண்டவரையும், "முதல்ல அதைக் கழுவினீங்களா?" என்று மட்டும் கேட்டுச் சேர்த்துக் கொண்டீர்கள். தோன்றியதைத் தோன்றியபடி எழுதலாம் என்றீர்கள். ஒரு செந்நிற ஒயினைப் பற்றி, "மாமியார் பீரோவைத் திறந்த வாசனை" என்று சீட்டு வாசக அம்மையார் எழுதியதை அப்படியே பதிவேட்டில் ஏற்றினீர்கள். அச்சுக்குப் போகுமுன் மாமியாரை மட்டும் நீக்கினீர்கள்.

பழியைத் தம் தோளில் தாங்கிய பண்பே!

பாராட்டு மடலில் பிழையைப் பேசுவது வழக்கமில்லைதான். ஆனால் தங்கள் பெருமை அந்தப் பிழையில்தான் இருக்கிறது. அதை மறைத்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் ஆவோம்.

நான்காண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில், நாங்கள் முகர்ந்து முடிக்குமுன்பே தாங்கள் "ஆகா, நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டீர்கள். அவ்வளவுதான், ஏழு பேரும் ஆமாம் சாமி போட்டோம். பிழைதிருத்துபவர் அதில் ஏலக்காய் மணம்கூடக் கண்டுபிடித்தார். நானூறு பெட்டிகள் கடைகளுக்குப் போய், நானூறும் திரும்பி வந்தன. தக்கை கெட்டு, ஒயின் முழுவதும் நனைந்த அட்டைப்பெட்டியின் நாற்றம்.

நிர்வாகம் கொதித்தது. வீட்டிலிருப்பவர்களை நம்பியதே தவறு, இனி எல்லோர் கணினியிலும் கண்காணிப்புச் செயலி, வேலைநேரம் முழுவதும் கேமரா என்று முடிவெடுத்தது. அந்தக் கூட்டத்தில் தாங்கள் எழுந்து சொன்னது எங்களுக்குப் பின்னர்தான் தெரியும்: "முதல்ல பேசினது நான். மூணு மாசம் குடுங்க. இன்னொரு கெட்ட சரக்கு வெளிய போச்சுன்னா என் நாற்காலியை எடுத்துக்குங்க. என் ஆளுங்க வீட்டுக்குள்ள கண்ணு வைக்காதீங்க."

மறுநாள் தங்களைத் தொலைபேசியில் அழைத்தவர் எங்கள் எழுவரில் ஒருவரான கிடங்குப் பொறுப்பாளர். மைக்கைப் போட மறந்தே பாதிக் கூட்டத்தைக் கழிப்பவர் என்பதால் மியூட் மாமா என்று நாம் அழைக்கும் அதே மனிதர். அந்த நாற்றம் எனக்கு அன்றே தெரிந்தது, தாளிலும் எழுதினேன், தாங்கள் நல்லா இருக்கு என்றதும் கிழித்துப் போட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். வேலை போகும் என்றே அவர் நினைத்திருந்தார். தாங்கள் சொன்னது ஒரே வரி: "தப்பு உங்க நாக்குல இல்ல சார், என் வாயிலதான்."

அன்று பிறந்தது நம் குழுவின் சட்டம். ஒவ்வொருவரும் வாய் திறக்காமல் தாளில் எழுத வேண்டும். எழுதியதை ஒரே நேரத்தில் கேமராமுன் தூக்கிக் காட்ட வேண்டும். தலைவி கடைசியில்தான் பேச வேண்டும். மூன்றாம் மாதத்தின் கடைசி வெள்ளியன்று நிர்வாக இயக்குநரே கூட்டத்தில் வந்தமர்ந்தார். சரக்கும் அவர் தாமே தேர்ந்தெடுத்தது. ஆறு தாள்களில் "அருமை". மியூட் மாமாவின் தாளில் "கெட்டது". இயக்குநர் முகம் சிவந்தது. தங்களுக்கும் அந்த ஒயினில் குறை எதுவும் தெரியவில்லை என்று பிறகு சொன்னீர்கள். ஆனாலும் அந்த ஒற்றைத் தாளை நம்பிச் சரக்கை நிறுத்தினீர்கள். கிடங்கில் வேறு பெட்டிகளிலிருந்து பன்னிரண்டு புட்டிகளைத் திறக்கச் சொன்னீர்கள். ஒன்பதில் அதே நாற்றம், யார் மூக்குக்கும் எட்டும் அளவுக்கு. கண்காணிப்புச் செயலியின் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

அம்மையே! கண்ணில் படாதவர்களை நம்புவது எளிதன்று. நாற்காலியைப் பணயம் வைத்து நம்பியவர் தாங்கள். நம்பப்பட்டவர்கள் என்ற பெருமையோடுதான் நாங்கள் இன்று நிமிர்ந்து நிற்கிறோம்.

எனினும் ஒரு முறையீடு உண்டு. சென்ற வாரக் கூட்டத்தில் தங்கள் சட்டத்தைத் தாங்களே மீறினீர்கள். எங்களில் யாரும் பேசுமுன், "நான் போனா ஒண்ணும் குறையாது, வேலை அதுபாட்டுக்கு நடக்கும்" என்று தீர்ப்பளித்துவிட்டீர்கள். நாங்கள் தலையாட்டவில்லை. அவரவர் வீட்டில் அமர்ந்து, ஒருவரையொருவர் கேட்காமல், தனித்தனியே எழுதினோம். வேலை நடக்கும், அப்படி நடக்குமாறு செய்தது தாங்கள் என்பதால் அதை ஏற்கிறோம். தீர்ப்பின் மறுபாதியை எழுவரும் மறுக்கிறோம்.

நோயின்றி, நூறாண்டு கடந்தும் நுண்சுவை குன்றாமல், வெள்ளிக்கிழமைகளை விரும்பியபடி கழித்து வாழ்க தாங்கள்! தலைவியின் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசலாம் என்ற துணிவைத் தந்தவர் தாங்களே. அந்தத் துணிவில் சொல்கிறோம்: குறையும் மேடம்.

இங்ஙனம்,
தங்கள் தீர்ப்பை ஏற்க மறுக்கும்
சுவைக்குழுவினர் எழுவர்